எக்ஸெல் ஷீட்டின் திருத்தப் பூட்டு: கடவுச்சொல்லை மறந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

பூட்டியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அல்லது பூட்டியவர் நீங்களேதான். என்ன கடவுச்சொல் போட்டீர்கள் என்பது மட்டும் நினைவில் இல்லை. கோப்பு திறக்கிறது, எண்களும் தெரிகின்றன. ஒரு செல்லில் கைவைத்தால், அது பாதுகாக்கப்பட்ட ஷீட்டில் இருக்கிறது என்று எக்ஸெல் தடுக்கிறது. இந்தப் பக்கம் முதன்மையாக அந்தத் தடையைப் பற்றியது. விண்டோஸ் கணினியும் எக்ஸெல் 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே சொல்லியிருக்கிறேன்.

என் கோப்பில் இருப்பது எந்தப் பூட்டு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறெதையும் தொடாதீர்கள். எக்ஸெல்லில் கடவுச்சொல் கேட்கும் இடங்கள் பல; எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் தன்மை வேறு.

கோப்பைத் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்டு, கொடுக்காவிட்டால் உள்ளே எதையும் காட்டவில்லை என்றால் அது மறையாக்கம் (என்க்ரிப்ஷன்), அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பையே மாற்றிவைப்பது. கடவுச்சொல் கேட்கிறது, ஆனால் "ரீட் ஒன்லி" என்ற பொத்தானையும் காட்டுகிறது என்றால் அது மாற்றம் செய்வதற்கான கடவுச்சொல். தடையில்லாமல் திறக்கிறது, செல்களை மட்டும் திருத்த முடியவில்லை என்றால் ஷீட் பூட்டு. செல்களைத் திருத்த முடிகிறது, ஆனால் புதிய ஷீட்டைச் சேர்க்கவோ பெயர் மாற்றவோ மறைத்ததை வெளிக்கொணரவோ முடியவில்லை என்றால் வொர்க்புக் அமைப்பின் பூட்டு.

சந்தேகம் இருந்தால் "ஃபைல்" மெனுவில் "இன்ஃபோ" பக்கத்தைப் பாருங்கள். எந்தெந்த ஷீட்டுகள் பூட்டப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல் "ப்ரொடெக்ட் வொர்க்புக்" என்ற பெட்டிக்கு அருகிலேயே இருக்கும்.

கடவுச்சொல்லே போடாமல் பூட்டியிருக்க வாய்ப்பு உண்டா?

நிறையவே உண்டு. கடவுச்சொல் கட்டத்தைக் காலியாக விட்டாலும் எக்ஸெல் ஷீட்டைப் பூட்டிவிடும். "ரிவ்யூ" பட்டியில் "அன்ப்ரொடெக்ட் ஷீட்" என்பதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எதுவும் கேட்காமல் திறந்துகொண்டால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பூட்டே இல்லாமலும் திருத்த முடியாமல் போகுமா?

போகும். மின்னஞ்சலிலோ இணையத்திலிருந்தோ வந்த கோப்பு என்றால் மேலே மஞ்சள் பட்டை தோன்றும். "எனேபிள் எடிட்டிங்" என்பதை அழுத்தினால் தீர்ந்தது. அனுப்பியவர் "மார்க் அஸ் ஃபைனல்" செய்திருந்தாலும் ஒரு மஞ்சள் பட்டைதான். "எடிட் எனிவே" என்று ஒரு பொத்தான் அங்கேயே இருக்கும்.

அலுவலகப் பொதுச் சேமிப்பகத்தில் உள்ள கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தால், அவர் மூடும்வரை காத்திருங்கள். எல்லோரும் மூடிய பிறகும் அதே செய்தி வந்தால், அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னொட்டாகக் கொண்ட, அதே பெயருள்ள மறைவான சிறு கோப்பு ஒன்று மிச்சமிருக்கலாம். கணினி நடுவில் அணைந்துபோனால் இப்படி ஆகும். யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழித்துவிடலாம்.

நினைவிலிருந்து முயன்று பார்க்க எத்தனை வாய்ப்பு தரும்?

வரம்பே இல்லை. வங்கி இணையதளத்தைப்போல மூன்று தவறுக்குப் பிறகு முடக்கிவிடும் பழக்கம் எக்ஸெல்லுக்குக் கிடையாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் என்பதால், கேப்ஸ் லாக் போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை தட்டச்சிடுங்கள். எண் என்றால் விசைப்பலகையின் எண் பூட்டையும் (நம் லாக்) பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கூடுதலாக ஒன்றைச் சோதிக்கலாம்: பூட்டிய வேளையில் தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்திருக்கலாம். பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் எந்த எழுத்து விழுந்தது என்று அப்போது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மேக்ரோ (எக்ஸெல்லுக்குள்ளேயே எழுதி வைக்கும் சிறு நிரல்) உள்ள கோப்பாக இருந்தால் இன்னொரு இடமும் உண்டு. ஆல்ட் விசையுடன் எஃப்11 அழுத்தி, திறக்கும் சன்னலில் "அன்ப்ரொடெக்ட்" என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். மேக்ரோ தானே பூட்டைத் திறந்து எழுதிவிட்டுத் திரும்பப் பூட்டும்படி எழுதியிருந்தால், கடவுச்சொல் அந்த வரியிலேயே மேற்கோள் குறிக்குள் அப்பட்டமாக இருக்கும். மற்ற வழிகளுக்கு இறங்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மைக்ரோசாஃப்டிடம் கேட்டால் கிடைக்குமா?

கிடைக்காது. மறந்த கடவுச்சொல்லைத் தங்களால் மீட்டுத் தர முடியாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

கடவுச்சொல் இல்லாமலே எடுக்க முடியும் என்றால், இது என்ன பூட்டு?

சரியான கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் பின்வரும் வழிகள் மந்திரம்போலத் தோன்றாது.

எக்ஸெல் 2007 முதல் வழக்கில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற வடிவம், உண்மையில் ஒரு ஜிப் கோப்பு, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. பெயரின் வாலை (கடைசிப் புள்ளிக்குப் பின் உள்ள எழுத்துகளை) மாற்றினால் எந்த ஜிப் மென்பொருளிலும் திறக்கும். உள்ளே ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அது சாதாரண எழுத்துக் கோப்பு; நோட்பேடில் படிக்கலாம். இந்த அமைப்பு ரகசியமும் அல்ல. 2006இல் எக்மா அமைப்பும் 2008இல் ஐஎஸ்ஓவும் தரநிலையாகவே வெளியிட்டிருக்கின்றன.

நீங்கள் ஷீட்டைப் பூட்டும்போது அந்த எழுத்துக் கோப்பில் உள்ள எண்களும் ஃபார்முலாக்களும் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அப்படியே கிடக்கின்றன. கூடுதலாக ஒரே ஒரு குறிச்சொல் சேர்கிறது: "இந்த ஷீட் பூட்டப்பட்டது, கடவுச்சொல்லின் சுவடு இது" என்று. எக்ஸெல் அந்தக் குறிச்சொல்லைப் படித்து, மரியாதைக்குக் கட்டுப்பட்டு, உங்களைத் தடுக்கிறது. கோயில் வரிசையில் கட்டிய கயிறு போன்றது இது: நிற்கச் சொல்லும், நிற்கவைக்காது. குறிச்சொல்லை அழித்துவிட்டால் பூட்டு இருந்ததே எக்ஸெல்லுக்குத் தெரியாது.

இதை ஓட்டை என்று சொல்வது சரியல்ல. ஷீட் பூட்டு பாதுகாப்பு அம்சமாகக் கருதி உருவாக்கப்பட்டதல்ல, பூட்டிய செல்களைப் பயனர் மாற்றிவிடாமல் தடுப்பதே அதன் வேலை என்று மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே கூறுகிறது. கைதவறி ஃபார்முலாவை அழித்துவிடாமல் இருக்கத்தான் அது.

சரி, குறிச்சொல்லை எப்படி அழிப்பது?

முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வேறு பெயரில் வையுங்கள். நகலில்தான் வேலை, மூலத்தைத் தொடவே கூடாது. எக்ஸெல்லை மூடிவிடுங்கள்.

செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் மிக எளிது. நகலின்மீது வலது சொடுக்கு செய்து, செவன்-ஜிப் மெனுவில் "ஓப்பன் ஆர்க்கைவ்" தேர்ந்தெடுங்கள். உள்ளே "எக்ஸ்எல்" என்ற ஃபோல்டர், அதற்குள் "வொர்க்ஷீட்ஸ்" என்ற ஃபோல்டர். அங்கே ஷீட்1, ஷீட்2 என்ற பெயர்களில் எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்து எஃப்4 விசையை அழுத்தினால் நோட்பேடில் திறக்கும்.

பார்த்ததும் மிரள வேண்டாம். பல ஆயிரம் எழுத்துகள் இடைவெளியே இல்லாமல் ஒரே வரியாக ஓடும். கன்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தி, "ஷீட்ப்ரொடெக்ஷன்" என்று ஆங்கிலத்தில் இடம் விடாமல் ஒரே சொல்லாகத் தேடுங்கள். செல்களின் விவரங்கள் முடிந்த பிறகே இந்தக் குறிச்சொல் வரும் என்பதால், கோப்பின் கடைசிப் பகுதியில்தான் கிடைக்கும். வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும், எழுத்துகள் மட்டும் ஆங்கிலத்தில்:

<ஷீட்ப்ரொடெக்ஷன் அல்காரிதம்நேம்="..." ஹாஷ்வேல்யூ="..." சால்ட்வேல்யூ="..." ஸ்பின்கவுன்ட்="100000" ஷீட்="1" .../>

இடப்பக்கக் கோணக்குறி முதல், சாய்கோட்டுடன் முடியும் வலப்பக்கக் கோணக்குறி வரை, இந்த ஒரு குறிச்சொல்லை முழுவதுமாக அழியுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள். சேமித்து நோட்பேடை மூடுங்கள். மாறிய கோப்பை ஆர்க்கைவில் புதுப்பிக்கவா என்று செவன்-ஜிப் கேட்கும், சம்மதியுங்கள். இனி நகலை எக்ஸெல்லில் திறந்தால் பூட்டு இருக்காது.

செவன்-ஜிப்பை நிறுவ அலுவலகக் கணினி அனுமதிக்கவில்லை என்றால் விண்டோஸே போதும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் "வியூ" மெனுவில் "ஷோ" என்பதற்குள் கோப்புப் பெயரின் வாலைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். நகலின் வாலை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதிலிருந்து ஜிப் என்று மாற்றுங்கள். அதைத் திறந்து, வேண்டிய எக்ஸ்எம்எல் கோப்பை டெஸ்க்டாப்புக்கு இழுத்துத் திருத்தி, அதே இடத்துக்குத் திரும்ப இழுத்துப் பழையதன்மீது போடுங்கள். பிறகு வாலைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

ஷீட்3 என்ற கோப்பு என் மூன்றாவது ஷீட்தானா?

இல்லாமலும் போகலாம். ஷீட்டுகளை இடம் மாற்றியிருந்தால், நடுவில் சிலவற்றை நீக்கியிருந்தால் எண்கள் பொருந்தாது. எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு என்பதை "வொர்க்புக்" என்ற எக்ஸ்எம்எல் கோப்பும் அதன் இணைப்புக் கோப்பும் சேர்ந்துதான் சொல்லும். அதையெல்லாம் துப்பறிவதைவிட ஒவ்வொன்றாகத் திறந்து தேடிவிடலாம். குறிச்சொல் இருப்பதில் நீக்குங்கள், இல்லாததை அப்படியே மூடுங்கள்.

திருத்திய பிறகு கோப்பில் சிக்கல் இருப்பதாக எக்ஸெல் சொல்கிறதே?

அநேகமாகக் காரணம் மூன்றில் ஒன்று. குறிச்சொல்லின் ஓரத்தில் ஒரு கோணக்குறி மிஞ்சியிருக்கும், அல்லது அடுத்த குறிச்சொல்லின் ஒரு கோணக்குறியும் சேர்ந்து போயிருக்கும். இரண்டாவது, எல்லாவற்றையும் வெளியே பிரித்துவிட்டுத் திரும்ப ஜிப் செய்தவர்கள், உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்தெடுக்காமல் வெளி ஃபோல்டரையே சேர்த்து ஜிப் செய்திருப்பார்கள். அப்போது எக்ஸெல் தேடும் கோப்பு ஒரு படி கீழே போய்விடும். மூன்றாவது, நோட்பேடுக்குப் பதில் வேர்டில் திறந்து சேமித்திருப்பார்கள். எக்ஸெல் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். எதைத் தூக்கிப் போட்டது என்று பிறகு தேட வேண்டியிருக்கும். மூலத்திலிருந்து புதிய நகல் எடுத்து மீண்டும் செய்வதே மேல்.

இதெல்லாம் எனக்கு வராது. சுலபமான வழி இல்லையா?

கூகுள் ஷீட்ஸ் இருக்கிறது. கோப்பை உங்கள் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் ஷீட்ஸில் திறங்கள். அங்கே ஷீட்டைக் கடவுச்சொல்லால் பூட்டும் முறையே கிடையாது. யார் திருத்தலாம் என்பதைக் கணக்கை வைத்தே தீர்மானிக்கிறார்கள். கோப்பை ஏற்றியவர் நீங்கள் என்பதால் உரிமையாளரும் நீங்களே. "டேட்டா" மெனுவில் "ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்" பகுதியில் ஏதேனும் எஞ்சியிருந்தால் நீக்கிவிட்டு, "ஃபைல்" மெனுவிலிருந்து எக்ஸெல் வடிவில் திரும்ப இறக்கிக்கொள்ளுங்கள்.

விலை ஒன்று உண்டு. மேக்ரோக்கள் அங்கே இயங்காது. சில விளக்கப்படங்களும் அச்சு அமைப்புகளும் உருமாறித் திரும்பும். எளிய பட்டியல்களுக்கு இது போதும். பல ஆண்டுகளாக இழைத்து இழைத்து உருவாக்கிய கணக்குப் புத்தகத்துக்கு முன்சொன்ன வழிதான் பாதுகாப்பானது. ஒரு குறிச்சொல்லைத் தவிர வேறெதையும் அது மாற்றுவதில்லை.

மொத்தத்தையும் நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டினால் போதாதா?

பல நேரம் போதும். இடது மேல் மூலையில் உள்ள முக்கோணத்தை அழுத்தி முழு ஷீட்டையும் தேர்ந்து, நகலெடுத்து, புதிய வொர்க்புக்கில் முதல் செல்லில் ஒட்டுங்கள். பூட்டு கூடவே வராது. ஆனால் வலது சொடுக்கில் வரும் "மூவ் ஆர் காப்பி" வழியாக ஷீட்டையே நகலெடுத்தால் பூட்டும் சேர்ந்தே வரும்.

பூட்டியவர் செல்களைத் தேர்ந்தெடுக்கவே அனுமதிக்கவில்லை என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். ஃபார்முலாக்களை மறைத்திருந்தால் விடைகள் மட்டுமே ஒட்டும். பிற ஷீட்டுகளைச் சுட்டும் ஃபார்முலாக்கள் பழைய கோப்பையே சுட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கடைசிச் சங்கடத்தை ஒட்டிய அன்று யாரும் கவனிப்பதில்லை, பழைய கோப்பை அழித்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

ஒரு மேக்ரோவை ஓட்டினால் சில நிமிடங்களில் திறந்துவிடும் என்று கேள்விப்பட்டேனே?

பழைய மேக்ரோ அது. ஒரு காலத்தில் உண்மையிலேயே திறந்தது.

எக்ஸெல் 2010 வரை, ஷீட் கடவுச்சொல்லை மிகச் சிறிய ஒரு எண்ணாகச் சுருக்கித்தான் சேமித்தார்கள். எவ்வளவு நீளமான கடவுச்சொல்லாக இருந்தாலும் கிடைக்கக்கூடிய விடைகள் 32,768தான். அதாவது, உங்கள் கடவுச்சொல்லின் அதே எண்ணைத் தருகிற வேறு சொற்கள் ஏராளம். அவற்றில் எதைக் கொடுத்தாலும் எக்ஸெல் ஏற்றுக்கொள்ளும். அந்த மேக்ரோ, ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளைப் பதினோரு இடங்களில் மாற்றி மாற்றி அடுக்கி, பன்னிரண்டாவது இடத்தில் விசைப்பலகையின் 95 குறிகளையும் போட்டுப் பார்க்கும். மொத்தம் 1,94,560 முயற்சிகள். எங்கோ ஓரிடத்தில் எண் ஒத்துப்போகும், பூட்டு திறக்கும். உங்கள் உண்மையான கடவுச்சொல் என்ன என்பது கடைசிவரை தெரியாது, தெரியவும் தேவையில்லை.

எக்ஸெல் 2013இல் இதை மாற்றினார்கள். இப்போது எஸ்எச்ஏ-512 என்ற முறையில், உப்பு எனப்படும் தற்செயல் எழுத்துகளைக் கலந்து, ஒரு லட்சம் முறை சுழற்றிச் சேமிக்கிறார்கள். மேலே காட்டிய குறிச்சொல்லில் உள்ள 100000 அந்தச் சுழற்சியின் எண்ணிக்கைதான். எனவே புதிய கோப்பில் அந்த மேக்ரோவை ஓட்டினால், கணினி நெடுநேரம் உறைந்து நிற்கும், எதுவும் கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாவித்துளையை இவ்வளவு பலப்படுத்தியவர்கள், பூட்டு தொங்கும் குறிச்சொல்லை எல்லோர் கைக்கும் எட்டும் எழுத்துக் கோப்பிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

வொர்க்புக் அமைப்பின் பூட்டையும் இப்படியே எடுக்கலாமா?

ஆம். "எக்ஸ்எல்" ஃபோல்டரில் நேரடியாக இருக்கும் "வொர்க்புக்" என்ற எக்ஸ்எம்எல் கோப்பில், "வொர்க்புக்ப்ரொடெக்ஷன்" என்று தொடங்கும் குறிச்சொல்லை நீக்குங்கள்.

அதே கோப்பில் ஷீட்டுகளின் பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. திரையில் தெரியாத ஷீட் ஏதாவது அங்கே தெரிந்தால் வியக்க வேண்டாம். சாதாரணமாக மறைத்த ஷீட்டை வலது சொடுக்கு செய்து வெளிக்கொணரலாம். "வெரி ஹிடன்" என்ற நிலையில் மறைத்ததோ அந்த வலது சொடுக்குப் பட்டியலில்கூட வராது. அதை மேக்ரோ சன்னலின் பண்புப் பகுதியில் மாற்றலாம்.

மாற்றம் செய்வதற்கான கடவுச்சொல்?

அந்த வொர்க்புக் எக்ஸ்எம்எல் கோப்பிலேயே "ஃபைல்ஷேரிங்" என்று தொடங்கும் குறிச்சொல், முறை ஒன்றுதான்.

திறக்கும்போதே கடவுச்சொல் கேட்கிறது. அதற்கும் இது உதவுமா?

உதவாது. மேலே சொன்ன எதுவும் உதவாது. இங்கேதான் பலர் மணிக்கணக்கில் வீணடிக்கிறார்கள்.

திறப்பதற்கான கடவுச்சொல் போட்டால் எக்ஸெல் கோப்பு முழுவதையும் மறையாக்கம் செய்துவிடுகிறது. அதன் பிறகு அது ஜிப் கோப்பே அல்ல. செவன்-ஜிப்பில் திறந்தாலும் உள்ளே ஷீட்டுகள் இருக்காது. மறையாக்கம் செய்த ஒரு பொட்டலம்தான் இருக்கும். புதிய பதிப்புகளில் பயன்படுவது 256 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்க முறை. அதைக் கடவுச்சொல் இல்லாமல் சுற்றிப்போக வழியில்லை. மீட்டுத் தருவதாகச் சொல்லும் கட்டண மென்பொருள்கள் எல்லாம் ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்ப்பவைதான். கடவுச்சொல் நான்கைந்து எழுத்தாகவோ அகராதிச் சொல்லாகவோ இருந்தால் கிடைக்கலாம். நீளமாக, கலவையாக இருந்தால் பணம் போனதுதான் மிச்சம்.

விதிவிலக்கு, எக்ஸெல் 2003 வரையிலான எக்ஸ்எல்எஸ் கோப்புகள். அவற்றில் வழக்கமாகப் பயன்பட்ட சாவி 40 பிட்தான். சாத்தியமான சாவிகள் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி. மனிதருக்குப் பெரிய எண். இன்றைய கணினிக்கு முடிக்கக்கூடிய வேலை.

புதிய கோப்பு என்றால் பூட்டை விட்டுவிட்டு, பூட்டாத பிரதியைத் தேடுங்கள். பூட்டுவதற்கு முன்பு யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பினீர்களா, ஒன்டிரைவில் பழைய பதிப்புகளின் வரலாறு இருக்கிறதா, பென்டிரைவில் பழைய நகல் உண்டா என்று பாருங்கள். அலுவலகத்தின் உணர்திறன் லேபிள் (யார் திறக்கலாம் என்று அலுவலகமே வரையறுக்கும் குறி) போட்டுப் பூட்டிய கோப்பு என்றால் உங்கள் கணினிப் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

கோப்பு எக்ஸ்எல்எஸ் அல்லது எக்ஸ்எல்எஸ்பி வடிவில் இருந்தால் ஷீட் பூட்டை எடுக்க முடியாதா?

இவற்றில் நோட்பேடில் படிக்கும்படி எதுவும் இருக்காது. ஆனால் ஷீட் பூட்டியிருந்தாலும் "சேவ் அஸ்" செய்வதை எக்ஸெல் தடுப்பதில்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்துக்கொண்டு மேற்சொன்னபடி செய்யுங்கள். மேக்ரோ இருந்தால் எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமியுங்கள். அதன் உள்ளமைப்பும் இதேதான். லிப்ரெ ஆஃபிஸின் ஓடிஎஸ் கோப்பும் ஒரு ஜிப்தான். ஆனால் அங்கே எல்லா ஷீட்டுகளும் "கன்டென்ட்" என்ற ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும்.

பூட்டை எடுத்தேன், மறுபடி திறந்தால் திரும்பவும் பூட்டியிருக்கிறது!

கோப்பு திறக்கும்போதே இயங்கும் மேக்ரோ ஒன்று பூட்டிக்கொண்டிருக்கிறது. மேக்ரோக்களை இயக்காமல் திறந்து, ஆல்ட்-எஃப்11 சன்னலில் அந்த வரியைக் கண்டுபிடியுங்கள். கடவுச்சொல்லும் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். மேக்ரோ சன்னலுக்கே தனிக் கடவுச்சொல் போட்டிருந்தால் அது வேறு பூட்டு. ஷீட் குறிச்சொல்லை நீக்குவதால் அது திறக்காது.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் பூட்டை எடுத்துத் தரும் தளங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. அவை செய்வதும் மேலே சொன்ன அதே குறிச்சொல் வேலைதான், வேறு வித்தை எதுவும் இல்லை. உங்கள் கணினியிலேயே சில நிமிடங்களில் முடியும் ஒன்றுக்காக, ஊழியர்களின் சம்பளமும் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள பட்டியலை முகம் தெரியாத ஒருவரிடம் ஏன் கொடுக்க வேண்டும்? ஏற்றிய கோப்பை அழித்துவிடுவோம் என்று அந்தத் தளம் எழுதியிருப்பதைச் சரிபார்க்க உங்களிடம் எந்த வழியும் இல்லை. பெயர் தெரியாத திறப்பு மென்பொருள்களை இறக்கி நிறுவுவதும் இதே ரகம்தான்.

வேறொருவர் பூட்டிய கோப்பைத் திறக்கலாமா?

உங்கள் கோப்பு, அல்லது உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட அலுவலகக் கோப்பு என்றால் தயங்க வேண்டியதில்லை. அலுவலகக் கோப்பில் மேலதிகாரியிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டுச் செய்தால் பின்னால் பேச்சு வராது. அனுமதியில்லாமல் பிறரது கணினியிலிருந்து தரவை எடுப்பதும் மாற்றுவதும் இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66 பிரிவுகளுக்குள் வரும். நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சட்டம் வராத இடத்திலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கீட்டுத் தாள்களை யாரோ ஓர் ஆசிரியரோ அலுவலரோ உட்கார்ந்து உருவாக்கி, பூட்டி, வாட்ஸ்அப் குழுக்களில் இலவசமாகப் பகிர்கிறார்கள். அந்தப் பூட்டு, வரி விகித ஃபார்முலா கலைந்த தாள் ஒன்று தம் பெயரில் ஊரெல்லாம் சுற்றக்கூடாது என்பதற்காக. அதைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிப் பகிர்வது அசிங்கம். பிழை கண்டால் அவருக்கே எழுதுங்கள்.

அப்படியென்றால் சம்பள விவரத்தை ஷீட் பூட்டால் மறைப்பது பாதுகாப்பில்லையா?

இல்லவே இல்லை. நெடுவரிசையை மறைத்து, ஷீட்டைப் பூட்டி, கடவுச்சொல்லும் போட்டு அனுப்பினாலும், பெற்றவர் ஜிப்பாகத் திறந்து எல்லா எண்களையும் படிக்கலாம். மறைத்த ஃபார்முலாவும் அங்கே முழுசாக இருக்கும். "வெரி ஹிடன்" ஷீட்டும் அப்படியே. பிறர் பார்க்கக்கூடாத விவரத்தைக் கோப்பிலேயே வைக்காதீர்கள். தனிக் கோப்பாகப் பிரியுங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் "ஃபைல்", "இன்ஃபோ" வழியாக "என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட்" போட்டு அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

மேக் கணினியிலும் கைபேசியிலும்?

மேக்கிலும் இதே குறிச்சொல்தான். ஃபைண்டரில் பிரித்துத் திரும்ப ஜிப் செய்தால் மேக்கின் சொந்தக் கோப்புகள் சில உள்ளே சேர்ந்துகொள்ளும் என்பதால், ஜிப்பைப் பிரிக்காமலே உள்ளிருப்பதைத் திருத்தும் செயலியைப் பயன்படுத்துங்கள். கைபேசி மட்டுமே இருந்தால் கூகுள் ஷீட்ஸ் வழியை முயலுங்கள்.

வேலை முடிந்த பிறகு எப்படித் திரும்பப் பூட்டுவது?

எக்ஸெல்லில் எல்லாச் செல்களும் பிறவியிலேயே "லாக்டு" என்ற குறியோடுதான் இருக்கின்றன; ஷீட்டைப் பூட்டும்போதுதான் அது வேலை செய்யத் தொடங்கும். ஆகவே தரவை நிரப்ப வேண்டிய செல்களை முதலில் தேர்ந்து, கன்ட்ரோலுடன் 1 அழுத்தி, "ப்ரொடெக்ஷன்" பகுதியில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பிறகு "ரிவ்யூ" பட்டியில் "ப்ரொடெக்ட் ஷீட்". கடவுச்சொல் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள் என்பது என் கட்சி. கைதவறி அழிப்பதை அதுவே தடுத்துவிடும். வேண்டுமென்றே அழிக்க வருபவரைக் கடவுச்சொல்லும் தடுக்காது. அலுவலக விதி கட்டாயம் கேட்கிறது என்றால், கடவுச்சொல்லை இன்னொருவரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.